க்ளவுஸ் போட்டா கை அரிக்குதா? ஹவுஸ் சர்ஜனும் பிஜியும் படிக்க வேண்டியது

மே மாசத்துல வேலூர்ல லேபர் வார்டு டியூட்டி பார்த்தவங்களுக்கு நான் சொல்றது உடனே புரியும். வெளிய அக்னி நட்சத்திரம், உள்ள ஃபேன் சுத்துது ஆனா காத்து வரல, ஒரு பிவி (பிரசவத்துக்கு வந்தவங்களை கை விட்டு பார்க்கற உள் பரிசோதனை) பார்த்துட்டு க்ளவுஸ கழட்டினா உள்ளருந்து வேர்வை சொட்டும், அந்த வேர்வையில பவுடர் கரைஞ்சு கஞ்சி மாதிரி விரலிடுக்குல ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை கழுவறதுக்குள்ள அடுத்த பேஷன்ட் கத்துவாங்க, அந்த ஈரக் கையிலயே அடுத்த க்ளவுஸ். எனக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது. மணிக்கட்டுல க்ளவுஸோட சுருள் உக்கார்ற எடத்துல வளையல் போட்ட மாதிரி ஒரு செவப்பு கோடு, விரல் கணுவுல வெடிப்பு, ராத்திரி படுத்தா அரிப்பு. வார்டு ஆயாம்மா பார்த்துட்டு "இன்னாம்மா டாக்டரம்மா, கையி இப்டி கீது, தேங்காண்ண தடவிக்கினு வாம்மா"ன்னு பாசமா சொன்னாங்க. சீனியருங்க "எல்லாருக்கும் இருக்கும், போகப் போக பழகிடும்"னாங்க.

பழகல. ஆறேழு மாசம் கழிச்சு ஒரு நாள் ஓடில, அதாவது ஆபரேஷன் தியேட்டர்ல, நான் ஸ்க்ரப் கூட ஆகல (ஆபரேஷனுக்கு கை கழுவி ரெடியாகல), கேஸ் ஷீட்ட கையில வெச்சுக்கிட்டு ஓரமா நின்னுட்டு இருந்தேன், பக்கத்துல ஒருத்தர் க்ளவுஸ பாக்கெட்டுலருந்து எடுத்து ஒரு உதறு உதறி போட்டாரு, லைட் வெளிச்சத்துல அந்த பவுடர் பறக்கறது கண்ணுக்கு தெரிஞ்சுது. ரெண்டு நிமிஷத்துல தும்மல், கண்ணுல தண்ணி, அப்புறம் நெஞ்சு இறுக்கமா விசில் சத்தம். நான் எதையும் தொடவே இல்லை. அன்னிக்குத்தான் இது வெறும் கை பிரச்சனை இல்லைன்னு எனக்கு புரிஞ்சுது. எந்த ஆஸ்பத்திரின்னு எழுதல, எங்க வேணும்னாலும் நடக்கற விஷயம் இது.

நான் அலர்ஜி ஸ்பெஷலிஸ்ட் கிடையாது. எனக்கு லேடெக்ஸ் அலர்ஜி, அதாவது ரப்பர் க்ளவுஸ் ஒத்துக்காத அலர்ஜி இருக்கு, இதோடவே பிஜி (மேல்படிப்பு) முடிச்சேன், இப்பவும் தினம் ஓடில நிக்கிறேன். அடுக்கம்பாறை கவர்மென்ட் காலேஜா இருக்கட்டும் பாகாயம் சிஎம்சியா இருக்கட்டும், இந்த ஊர்ல ட்ரெய்னிங்ல இருக்கற தம்பி தங்கச்சிங்க யாரும் நான் சுத்தின மாதிரி ஒரு வருஷம் சுத்தக்கூடாதுன்னுதான் உக்காந்து எழுதறேன்.

முதல் வேலை, வாட்ச்ச பாருங்க. க்ளவுஸ் போட்டதுக்கும் அரிப்பு வந்ததுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்? பாதி டயக்னோசிஸ் அங்கயே இருக்கு.

போட்ட சில நிமிஷத்துல, அதிகபட்சம் அரை மணி ஒரு மணி நேரத்துக்குள்ள அரிப்பு, கொசு கடிச்ச மாதிரி தடிப்பு, கழட்டி கழுவினா கொஞ்ச நேரத்துல இருந்த எடம் தெரியாம போகுது, கூடவே தும்மல், கண் அரிப்பு, மூக்கு ஒழுகல் இருந்தா அது டைப் ஒன். ஐஜிஇங்கற அலர்ஜி ஆன்டிபாடியோட வேலை. அனஃபைலாக்சிஸ், அதாவது மூச்சு முட்டி பிபி விழுந்து உயிருக்கே ஆபத்தாகற ரியாக்ஷன் வரைக்கும் போகக்கூடியது இதுதான். அதே, திங்கட்கிழமை ஓடி நாள், புதன்கிழமை கைல குட்டி குட்டி தண்ணி கொப்புளம், செதில், அரிப்பு, ஒரு வாரம் ஆகியும் ஆறலன்னா அது டைப் ஃபோர், டி செல்லுங்கற வெள்ளை அணுவோட வேலை, உயிருக்கு ஆபத்து இல்ல ஆனா கையை நாசம் பண்ணிடும். மூணாவது அலர்ஜியே இல்ல, இரிடன்ட் டெர்மடைடிஸ். திரும்ப திரும்ப ஸ்க்ரப் பண்றது, ஈரம் காயறதுக்குள்ள க்ளவுஸ் போடறது, பவுடர் உரசறது, வேர்வை, இதனால தோல் வறண்டு எரிஞ்சு வெடிக்கும். ஜாஸ்தி பேருக்கு இருக்கறது இந்த மூணாவதுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இதையும் சும்மா விடக்கூடாது, ஏன்னா வெடிச்ச தோல் வழியா ரப்பர் புரதம் சுலபமா உள்ள போகும், இன்னிக்கு இரிடன்டா இருக்கறவங்கதான் நாளைக்கு அலர்ஜியா மாற வாய்ப்பு அதிகம். ஒரே ஆளுக்கு ரெண்டும் மூணும் சேர்ந்தும் இருக்கலாம், எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, அதனாலதான் பார்த்தவங்க எல்லாரும் குழம்பினாங்க.

இது ஏன் இப்படி ரெண்டு விதமா வருதுன்னு புரிய க்ளவுஸ் எப்படி செய்யறாங்கன்னு தெரிஞ்சா போதும். கன்னியாகுமரி பக்கமும் கேரளாவுலயும் ரப்பர் மரத்துல கீறி பால் எடுக்கறாங்க இல்ல, அந்த பாலுதான் லேடெக்ஸ். அது உறையாம இருக்க அம்மோனியா சேர்த்து, அப்புறம் சல்ஃபரும், அந்த சல்ஃபர் சீக்கிரம் வேலை செய்ய தையுரம், கார்பமேட், மெர்காப்டோபென்சோதையசோல்னு சில கெமிக்கலும் கலந்து, பீங்கான்ல செஞ்ச கை அச்சை அதுல முக்கி எடுத்து, சூடு காட்டி, கழுவி, உருவிடறாங்க. மரத்தோட பால்ல இருக்கற புரதம் ஒத்துக்கலன்னா டைப் ஒன். சேர்த்த கெமிக்கல், அதாவது ஆக்சலரேட்டர் ஒத்துக்கலன்னா பெரும்பாலும் டைப் ஃபோர். கழுவற வேலையை ஒழுங்கா பண்ணா புரதம் குறையும், அவசரமா பண்ணா புரதம் அப்படியே தங்கிடும், அதனாலதான் ஒரு கம்பெனி க்ளவுஸ்ல ஒண்ணும் ஆகாதவங்களுக்கு இன்னொரு கம்பெனி க்ளவுஸ்ல கை வீங்குது. பவுடர்ங்கறது சோளமாவு. மாவு மேல தப்பு இல்ல, அந்த புரதம் மாவுல ஒட்டிக்கிட்டு காத்துல மிதந்து மூக்குக்குள்ள போகறதுதான் பிரச்சனை. நான் அன்னிக்கு ஓரமா நின்னுட்டு இருந்தப்போ நடந்தது அதுதான்.

ஒண்ணு சொல்லியே ஆகணும். ஆபரேஷனுக்கு ரப்பர் க்ளவுஸ் போடற பழக்கம் வந்ததே கையில டெர்மடைடிஸ் (தோல் அழற்சி) வந்த ஒரு நர்சாலதான். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரில சர்ஜன் ஹால்ஸ்டெட்கிட்ட ஸ்க்ரப் நர்சா இருந்த கேரலின் ஹாம்ப்டனுக்கு ஆன்டிசெப்டிக் தண்ணியால கை புண்ணாகி வேலையை விடற நிலைமை, அப்போ 1889-90 குளிர்காலத்துல ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனிகிட்ட சொல்லி அவங்க கைக்குன்னு மெல்லிசா க்ளவுஸ் செய்ய வெச்சாரு. தொத்து தடுக்கணும்ங்கற யோசனை அப்புறம் வந்தது. கூட வேலை செய்யறவங்க கைக்காக ஒரு சீஃப் கம்பெனிக்கு ஆர்டர் போட்ட கதை இது, அதனால நீங்க போய் வேற க்ளவுஸ் கேக்கறது அதிகப்பிரசங்கித்தனம்னு நினைக்காதீங்க, இந்த பழக்கமே அப்படி ஒரு தேவையில பொறந்ததுதான்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு சின்ன நோட்டு போடுங்க, போன்லயே போதும். என்ன எழுதணும்னா என் நோட்டுலருந்தே ஒரு நாள் எழுதறேன்: காலை 8.10 க்ளவுஸ், பவுடர் உள்ளது; 8.20 வலது கை மேல அரிப்பு, 8.25 தடிப்பு, போட்டோ எடுத்தேன்; 8.40 கழட்டி கழுவினேன், 9.30 ஒண்ணுமே இல்ல. அந்த போட்டோ ரொம்ப முக்கியம், ஏன்னா தடிப்பு நீங்க ஸ்கின் ஓபி போய் டோக்கன் போட்டு உக்காரதுக்குள்ள மறைஞ்சிடும், டாக்டர் முன்னாடி வெறுங்கையை நீட்டிக்கிட்டு நிப்பீங்க. போன் போட்டோல நேரம் தானா பதிவாகி இருக்கும். க்ளவுஸ் பாக்ஸோட ஓரத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கங்க, எந்த கம்பெனி, லேடெக்ஸா, பவுடரா எல்லாம் அதுல இருக்கும். லீவு நாள்ல, ஊருக்கு போன வாரத்துல கை எப்படி இருந்துச்சுன்னும் எழுதுங்க. எலெக்டிவ் போஸ்டிங் போயி க்ளவுஸே போடாத பதினஞ்சு நாள்ல சுத்தமா சரியாகி, திரும்பி வந்த ரெண்டாவது நாள் ஆரம்பிச்சா அதைவிட பெரிய சாட்சி வேண்டாம்.

நோட்டுல ரெண்டு மூணு கேள்வி சேர்த்துக்கங்க. பலூன் ஊதினா உதடு வீங்குமா? சின்ன வயசுல நிறைய ஆபரேஷன் நடந்திருக்கா? ஸ்பைனா பைஃபிடா (பிறவியிலயே முதுகுத்தண்டு சரியா மூடாத) குழந்தைங்களுக்கு லேடெக்ஸ் அலர்ஜி ரொம்ப அதிகம்னு படிச்சிருப்பீங்க, காரணம் அதேதான், சின்னதுலருந்தே திரும்ப திரும்ப க்ளவுஸ், கத்தீட்டர் (மூத்திர ட்யூப்). அப்புறம் பழம். வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ, கிவி, பலாப்பழம் சாப்பிட்டா வாய், தொண்டை அரிக்குதா? ரப்பர் பால்ல இருக்கற ஹெவீன்ங்கற புரதமும் வாழைப்பழம், அவகாடோ மாதிரி பழத்துல இருக்கற சில புரதமும் ஒரே சாயல், உடம்பு ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கும். எனக்கு ஏலகிரிலருந்து வீட்டுக்கு பலாப்பழம் வந்தா உதடு ஊறும், சுளையோட பால் பட்டதால அப்படின்னு அம்மா சொல்லி நானும் அப்படியே விட்டுட்டேன். பழம் அரிச்சா எல்லாருக்கும் லேடெக்ஸ் அலர்ஜின்னு அர்த்தம் இல்ல, லேடெக்ஸ் அலர்ஜி இருந்தா எல்லா பழத்தையும் நிறுத்தணும்னும் இல்ல. அரிக்கற பழத்தை மட்டும் விடுங்க.

டைப் ஃபோர் மாதிரி இருந்தா காலையும் பாருங்க. ஓடி செருப்பு, ஹவாய் செருப்பு போடறவங்களுக்கு வார் பட்ற எடத்துல மட்டும் வி ஷேப்ல கருத்து, தடிச்சு, அரிப்பு இருந்தா ரப்பர் கெமிக்கல் மேல சந்தேகம் கெட்டியாகும். மாஸ்க்கோட காதுபட்டி, தலைக்கேப் எலாஸ்டிக், உள்ளாடை எலாஸ்டிக் எடத்தையும் பாருங்க.

இப்ப எல்லாரும் பண்ற ஒரு தப்பு. ஓடி நாள் காலையில ஒரு செட்ரிசின் (அலர்ஜிக்கு போடற ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை) முழுங்கிட்டு ஸ்க்ரப் ஆகறது. நானும் நாலு மாசம் பண்ணேன். தயவு செஞ்சு பண்ணாதீங்க. மாத்திரை அரிப்பையும் தும்மலையும்தான் அமுக்கும், அனஃபைலாக்சிஸை தடுக்காது, அப்போ முதல்ல வர்ற எச்சரிக்கை எல்லாம் வாயடைச்சு போயி நேரா வீசிங்ல வந்து நிக்கும். இன்னொண்ணு, கை நடுங்குதுன்னு ஓடிக்கு முன்னாடி, இல்லைன்னா மைக்ரேனுக்கு ப்ரொப்ரானலால் போடற பிஜிங்க இருக்காங்க. அது பீட்டா ப்ளாக்கர் வகை மருந்து, அது உள்ள இருந்தா அனஃபைலாக்சிஸ் வரும்போது உயிரைக் காப்பாத்த போடற அட்ரினலின் ஊசி சரியா பிடிக்காது. அதை கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லணும்.

டெஸ்டுக்கு போங்க. இதை தள்ளிப்போடாதீங்க, போஸ்டிங் முடியட்டும், எக்ஸாம் முடியட்டும்னு சொல்லிச் சொல்லி வருஷம் போயிடும். டைப் ஒன்னுக்கு ஸ்கின் ப்ரிக் டெஸ்ட் (தோல்ல சொட்டு வெச்சு லேசா குத்தி பார்க்கறது), இல்லைன்னா ரத்தத்துல லேடெக்ஸ் ஐஜிஇ. ப்ரிக் டெஸ்டுக்கு அஞ்சுலருந்து ஏழு நாள் முன்னாடியே ஆன்டிஹிஸ்டமின் நிறுத்தணும், ரத்த டெஸ்டுக்கு நிறுத்த வேண்டாம். ரத்த டெஸ்ட் நெகடிவ்னு வந்தும் நிஜத்துல அலர்ஜி இருக்கலாம், பாசிடிவ்னு வந்தும் ஒண்ணும் ஆகாம இருக்கலாம், அதனாலதான் அந்த நோட்டு. பேப்பர்ல இருக்கற நம்பரும் உங்க கதையும் ஒத்து போகணும். சில எடத்துல ஈர விரல்ல க்ளவுஸோட ஒரு விரலை மட்டும் மாட்டி பதினஞ்சு நிமிஷம் பார்ப்பாங்க, அப்புறம் முழு க்ளவுஸ். இதை ஹாஸ்டல் ரூம்ல ஃப்ரெண்ட வெச்சுக்கிட்டு பண்ணி பார்க்கற வேலை வேண்டவே வேண்டாம், அட்ரினலினும் ஆக்சிஜனும் பக்கத்துல இருக்கற எடத்துலதான் பண்ணணும்.

டைப் ஃபோருக்கு பேட்ச் டெஸ்ட். முதுகுல வரிசையா ஒட்டி, 48 மணி நேரம் கழிச்சு எடுத்து பார்த்து, திரும்ப 96 மணி நேரத்துல பார்ப்பாங்க. திங்கள் ஒட்டினா புதன், வெள்ளி. நடுவுல முதுகு நனையக்கூடாது, வேர்க்கக்கூடாது. நம்ம ஊர் வெயில்ல வேர்க்காம இருக்கறது எப்படின்னு கேட்டா எனக்கு ஸ்கின் பிஜி அக்கா சொன்னது, டிசம்பர் ஜனவரில வா. நல்ல யோசனைதான், கை ரொம்ப மோசமா இல்லைன்னா அப்படி பண்ணுங்க.

பேட்ச் டெஸ்டுக்கு நான் பெஞ்சுல காத்துட்டு இருந்தப்போ பக்கத்துல பேரணாம்பட்டு பக்கம் தோல் ஷாப்ல (தோல் பதனிடற ஆலைல) வேலை பார்க்கற ஒரு அண்ணன் உக்காந்திருந்தாரு. உள்ளங்கை பூரா பனைமட்டை மாதிரி வெடிச்சு கருத்து போயிருந்துது. குரோம் தண்ணில கை வெச்சு வெச்சு புண்ணாச்சுன்னு மேஸ்திரி ரப்பர் க்ளவுஸ் வாங்கி குடுத்தாராம், போட்ட ஒரு மாசத்துல புண்ணு முழங்கை வரைக்கும் ஏறிடுச்சாம். அவருக்கு குரோமியமும் பாசிடிவ், தையுரமும் பாசிடிவ். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு இத்தனை தோல் ஷாப் இருக்கற நம்ம பக்கத்துல இந்த கை புதுசு இல்ல. ஸ்கின் ஓபில இந்த கையை வருஷம் பூரா பார்க்கறாங்க, அதனால உங்க கையை காட்ட கூச்சப்படாதீங்க. அவர் என்கிட்ட கேட்டாரு, "நீ டாக்டரு, உனக்கு கூடவா இத்த யாரும் சொல்லலை?" எனக்கு பதில் சொல்ல தெரியல.

எல்லாத்துக்கும் லேடெக்ஸ்தான் காரணம்னு முடிவு பண்ணிட்டும் போகாதீங்க. ஸ்க்ரப்ல இருக்கற குளோர்ஹெக்சிடின் ஒத்துக்காம அனஃபைலாக்சிஸ் வர்றது உண்டு, கை கழுவின உடனே க்ளவுஸ் போடறதால பழி க்ளவுஸ் மேல விழும். அதையும் சேர்த்து டெஸ்ட் பண்ண சொல்லுங்க.

ரிசல்ட் வந்தாச்சு, இனி எந்த க்ளவுஸ்? டைப் ஒன்னுன்னா வார்டுக்கு நைட்ரைல் (செயற்கை ரப்பர்). ஓடிக்கு ஸ்டெரைல் பாலிஐசோப்ரீன் இல்ல நியோப்ரீன். பாலிஐசோப்ரீன் கையில ரப்பர் மாதிரியே இழுபடும், முடிச்சு போடும்போது வித்தியாசம் தெரியாது, மரத்து பால் இல்லாததால அந்த புரதம் கிடையாது. நியோப்ரீன் கொஞ்சம் கெட்டி, ரெண்டு வாரத்துல கை பழகிடும், இதுக்கு நான் கேரன்டி. வினைல் க்ளவுஸ் சும்மா பேஷன்டை தொட்டு பார்க்க ஓகே, ரத்தம் ஓடற வேலைக்கு நம்பாதீங்க, சீக்கிரம் ஓட்டை விழும். டைப் ஃபோர்னா இங்க ஒரு குழி இருக்கு, நைட்ரைல்லயும் பாலிஐசோப்ரீன்லயும் கூட ஆக்சலரேட்டர் இருக்கும். நைட்ரைலுக்கு மாறியும் கை ஆறலன்னு வர்றவங்க ஜாஸ்தி பேர் இந்த குழில விழுந்தவங்கதான். ஆக்சலரேட்டர் இல்லாத க்ளவுஸ்னு தனியா வருது, உங்க பேட்ச் டெஸ்ட்ல எந்த கெமிக்கல் பாசிடிவோ அதை எழுதி வெச்சுக்கிட்டு கம்பெனி ரெப்ப பிடிச்சு அது இல்லாத க்ளவுஸ் எதுன்னு கேளுங்க.

பாக்ஸ படிக்கறப்போ ஏமாறாதீங்க. பவுடர் ஃப்ரீன்னா லேடெக்ஸ் இல்லைன்னு அர்த்தம் இல்ல. ஹைப்போஅலர்ஜெனிக்னு போட்டிருந்தா அதை நம்பி போடாதீங்க, அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ லேடெக்ஸ் சாமான் மேல அந்த வார்த்தையை போடக்கூடாதுன்னு 1997லயே ரூல் போட்டுச்சு. கலரை பார்த்தும் முடிவு பண்ணக்கூடாது, நீல கலர்ல லேடெக்ஸும் வருது. உள்ள நைட்ரைல், மேல லேடெக்ஸ்னு டபுள் க்ளவுஸ் போட்டு சமாளிக்கலாம்னு சிலர் சொல்வாங்க, டைப் ஒன்னுக்கு அது உதவாது, புரதம் காத்துல வர்றதை அது எப்படி தடுக்கும்?

இதனாலதான் உங்க கைக்கு மட்டும் மாத்தினா பத்தாது. கூட நிக்கறவங்க எல்லாரும் பவுடர் இல்லாத க்ளவுஸ் போடணும். இதை கேக்கத்தான் எல்லாருக்கும் தயக்கம், எனக்கும் இருந்துச்சு. ஆனா இது ஒண்ணும் புது கோரிக்கை கிடையாது. 1997ல அமெரிக்காவுல நியோஷ்ங்கற தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு சொன்னதே இதுதான், அலர்ஜி இருக்கறவங்க லேடெக்ஸை விடணும், கூட இருக்கறவங்க பவுடர் இல்லாத, புரதம் கம்மியான க்ளவுஸ் போடணும். அப்போ அவங்க குடுத்த கணக்கு, தினம் க்ளவுஸ் போடற ஆஸ்பத்திரி ஊழியர்கள்ல 8லருந்து 12 சதவீதம் பேருக்கு லேடெக்ஸ் சென்சிடைசேஷன் (உடம்பு லேடெக்ஸை எதிரியா பதிவு பண்ணிக்கறது). ஜெர்மனில 1990கள் கடைசில பவுடர் லேடெக்ஸ் க்ளவுஸை நிறுத்தினதும் புதுசா வர்ற கேஸ் சரசரன்னு இறங்குச்சு. எஃப்டிஏ 2017 ஜனவரிலருந்து பவுடர் க்ளவுஸையே தடை பண்ணிடுச்சு, அதுல லேடெக்ஸ் அலர்ஜி மட்டும் காரணம் இல்ல, பவுடர் பேஷன்ட் வயித்துக்குள்ள விழுந்தா க்ரானுலோமா (சின்ன கட்டி), அட்ஹீஷன் (உள்ளுறுப்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கறது) எல்லாம் வருது. சீஃப்கிட்ட பேசறப்போ இந்த கடைசி பாயின்டை கண்டிப்பா சொல்லுங்க, உங்களுக்காக மட்டும் இல்ல, பேஷன்டுக்காகவும்தான் கேக்கறீங்க.

எப்படி பேசறது? வாய்ல மட்டும் சொல்லாதீங்க, ஸ்கின் டிபார்ட்மென்ட் லெட்டர் கையில இருக்கணும். ரவுண்ட்ஸ் நடுவுல சொல்லாதீங்க, ஓபி முடிஞ்சு சீஃப் ரூம்ல உக்காந்தப்புறம் போங்க. "சார், எனக்கு லேடெக்ஸ் டைப் ஒன் அலர்ஜின்னு கன்ஃபர்ம் ஆயிருக்கு, ரிப்போர்ட் இது, வேலையை குறைக்க சொல்லல, ஸ்டெரைல் பாலிஐசோப்ரீன் ஆறரை சைஸும் நான் இருக்கற தியேட்டர்ல பவுடர் இல்லாத க்ளவுஸும் இருந்தா எல்லா கேஸும் பார்க்கறேன் சார்." இவ்ளோதான். நான் பயந்த அளவுக்கு ஒண்ணும் ஆகல, எங்க சீஃப் ரெண்டு நிமிஷம் ரிப்போர்ட்டை படிச்சுட்டு "இத்தனை நாள் ஏம்மா சொல்லல"ன்னாரு. அடுத்து போக வேண்டிய எடம் ஓடி இன்சார்ஜ் சிஸ்டர். உண்மையை சொன்னா சீஃபை விட இவங்கதான் முக்கியம், இன்டென்ட் (ஸ்டோர்ல சாமான் கேக்கற சீட்டு) போடறது இவங்க, எந்த அலமாரில எந்த பாக்ஸ் இருக்கும்னு முடிவு பண்றது இவங்க. அவங்ககிட்ட சைஸ், மாசத்துக்கு எத்தனை ஜோடி வேணும்னு எழுதி குடுங்க. அந்த ஸ்டாக் வர்ற வரைக்கும் கையிலருந்து காசு போட்டு ஒரு பாக்ஸ் வாங்கி வெச்சுக்கங்க, ஆனா அதையே வழக்கமாக்கிடாதீங்க, ஸ்டைபண்டுல வருஷம் பூரா க்ளவுஸ் வாங்கறது உங்க பொறுப்பு இல்ல.

எல்லாராலயும் இப்படி அமைதியா முடியாது, அது எனக்கு தெரியும். ஒரு எடத்துல என் கூட படிச்ச பொண்ணுகிட்ட "சர்ஜரி எடுத்துட்டு க்ளவுஸ் ஒத்துக்கலன்னா எப்படி, வேற பிராஞ்சுக்கு போயிடு"ன்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. அவ ராத்திரி எல்லாம் அழுதா. இந்த மாதிரி சொல்றது தப்பு, வேற க்ளவுஸ் வெச்சு எல்லா பிராஞ்சுலயும் வேலை பார்க்கலாம். டெஸ்ட் பண்ணாம, க்ளவுஸ் மாத்தி பார்க்காம, யாரோ சொன்னாங்கன்னு சீட்டை விட்டுடாதீங்க. டிபார்ட்மென்ட்ல நடக்கலன்னா இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் கமிட்டி, ஸ்டாஃப் ஹெல்த் எது இருக்கோ அங்க எழுத்துல குடுத்து ஒரு காப்பில சீல் வாங்கி வெச்சுக்கங்க.

க்ளவுஸ் தவிர ஆஸ்பத்திரில லேடெக்ஸ் ஒளிஞ்சிருக்கற எடம் நிறைய. ரத்தம் எடுக்க கட்டற மஞ்ச கலர் ட்யூப், சாதா ஃபோலிஸ் கத்தீட்டர், சிவப்பு ரப்பர் கத்தீட்டர், கரகேட்டட் ட்ரெயின் (புண்ணுலருந்து நீர் வடிய வெக்கற ரப்பர் பட்டை), எஸ்மார்க் பேண்டேஜ் (ரத்தத்தை ஒதுக்க கை கால்ல சுத்தற ரப்பர் பட்டை), பழைய கருப்பு ரப்பர் மாஸ்க், பழைய ஆம்பு பேக் (அமுக்கி மூச்சு குடுக்கற பை), சில பிளாஸ்டர். ஃபோலிஸ் பாக்கெட்டுல சிலிகான்னு எழுத்தை பார்த்ததும் எடுத்துடாதீங்க, சிலிகான் பூசின லேடெக்ஸும் இருக்கு, முழு சிலிகானும் இருக்கு, ரெண்டாவதுதான் வேணும். ஓபிஜி (மகப்பேறு) பசங்களுக்கு தனியா: டிவிஎஸ் (உள் வழியா பார்க்கற ஸ்கேன்) ப்ரோப் மேல போடறது காண்டம், பிபிஎச்ல (பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ரத்தப்போக்கு) ரத்தத்தை நிறுத்த கர்ப்பப்பைக்குள்ள வெக்கற பலூனும் நிறைய எடத்துல காண்டம்தான், ரெண்டும் பெரும்பாலும் லேடெக்ஸ். உங்களுக்காக பார்க்கறப்போ பேஷன்டையும் சேர்த்து கேட்டுடுங்க, அட்மிஷன் ஹிஸ்டரில "பலூன் ஊதினா, க்ளவுஸ் பட்டா ஏதாவது ஆகுமா"ன்னு ஒரு கேள்வி, அஞ்சு செகண்ட் கூட ஆகாது.

கை பராமரிப்பு, சுருக்கமா. கை முழுசா காஞ்சப்புறம்தான் க்ளவுஸ், ஹேண்ட் ரப் போட்டாலும் காய விடணும். கழட்டினதும் கழுவுங்க. க்ரீம் டியூட்டி முடிஞ்சு வீட்டுக்கு போய் தாராளமா போடுங்க. ஆயாம்மா சொன்ன தேங்காண்ணயும் வாசலினும் ராத்திரிக்கு நல்லது, ஆனா டியூட்டில எண்ணெய் கையோட லேடெக்ஸ் க்ளவுஸ் போட்டா ரப்பர் இளகி ஓட்டை விழும், அப்புறம் ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பயம் வேற.

கடைசியா, ரியாக்ஷன் வந்துட்டா. நம்ம எடத்துல பழக்கம், யாருக்காவது தடிப்பும் மூச்சு திணறலும் வந்தா "ஒரு ஏவில், ஒரு ஹைட்ரோகார்ட் போடு, பார்க்கலாம்". முதல்ல சொன்னது ஆன்டிஹிஸ்டமின், ரெண்டாவது ஸ்டீராய்டு. பார்க்க நேரம் இல்ல. மூச்சு, பிபி, தொண்டை எது மாட்டினாலும் முதல் மருந்து அட்ரினலின், பெரியவங்களுக்கு அரை மில்லி, 1:1000, தொடையோட வெளிப்பக்கம் நடுவுல தசைக்குள்ள, அஞ்சு நிமிஷத்துல சரியாகலன்னா இன்னொண்ணு. படுக்க வெச்சு காலை தூக்கி வெக்கணும், மூச்சு திணறினா மட்டும் சாய்ஞ்சு உக்காரலாம், எழுந்து நடக்கவே விடக்கூடாது. ஆக்சிஜன், ஐவி லைன், ஃப்ளூயிட். ரியாக்ஷன் ஆரம்பிச்ச ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ட்ரிப்டேஸுக்கு (அலர்ஜி ரியாக்ஷன்ல ரத்தத்துல ஏறற ஒரு பொருள்) ரத்தம் எடுத்து வெச்சா பின்னாடி டயக்னோசிஸுக்கு உதவும். முக்கியமா, உங்களை காப்பாத்த ஓடி வர்றவங்க கையில என்ன க்ளவுஸ் இருக்குன்னு யாரும் பார்க்க மாட்டாங்க, பவுடர் லேடெக்ஸோட வந்து லைன் போடுவாங்க. அதனால உங்க யூனிட்ல ரெண்டு பேருக்காவது முன்னாடியே சொல்லி வைங்க, நைட்ரைல் பாக்ஸ் எங்க இருக்குன்னு காட்டி வைங்க. நான் கோட் பாக்கெட்டுல ஒரு அட்ரினலின் ஆம்ப்யூல், ஒரு சிரிஞ்ச், நைட்ரைல் ரெண்டு ஜோடி எப்பவும் வெச்சிருக்கேன், ஆம்ப்யூல் எக்ஸ்பைரி தேதியை மாசம் ஒண்ணாம் தேதி பார்ப்பேன், வெயில்ல வண்டி டிக்கில வெக்க மாட்டேன்.

நீங்களே பேஷன்டா படுக்கற நாளும் வரும், பல்லு எடுக்கவோ அப்பென்டிக்ஸுக்கோ பிரசவத்துக்கோ. டாக்டர்தானே தெரியும்னு யாரும் கேக்க மாட்டாங்க. நீங்களே சொல்லி கேஸ் ஷீட் முதல் பக்கத்துல சிவப்பு மையில எழுத வைங்க, அனஸ்தீசியா டாக்டர்கிட்ட தனியா சொல்லுங்க, லிஸ்ட்ல முதல் கேஸா போட சொல்லுங்க, ராத்திரி பூரா தியேட்டர் சும்மா இருந்ததுல காத்துல இருந்த பவுடர் எல்லாம் படிஞ்சு, காலையில துடைச்சும் வெச்சிருப்பாங்க.